பேனல் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடைக்காற்று தொடங்கி ஐப்பசி மழை பிடித்துவிட்டால், இராமேசுவரம் தீவிலும் மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை என்று நீளும் கரையோர ஊர்களிலும் வீட்டுத் தொலைக்காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் காட்டாமல் நின்றுபோகின்றன. அவற்றில் பல, என்ன பழுது என்று ஒழுங்காகப் பார்க்கப்படாமலேயே, "பேனல் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்ற ஒரே தீர்ப்போடு பழைய சாமான் வாங்குபவரின் வண்டியில் ஏறிவிடுகின்றன. இந்தக் கரையில் தொலைக்காட்சி பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு பல வீடுகளில் அவசரப்பட்டுச் சொல்லப்படுகிறது என்பதையும், வீட்டில் இருப்பவர்களே கருவி எதுவும் இல்லாமல் அதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பேனல் என்பது திரைக் கண்ணாடியும் அதன் விளிம்பில் ஒட்டப்பட்ட நுண்சுற்றுகளும் சேர்ந்த பகுதி. பெட்டியின் விலையில் பெரும்பங்கு அதற்கே போகிறது. ஆகவே பேனல் உண்மையிலேயே உடைந்திருந்தால் அதை மாற்றுவதைவிடப் புதிய பெட்டி வாங்குவது மேல் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் பின்புறம் இருக்கும் விளக்குப் பட்டையோ, ஒரு ரிப்பன் வயரின் முனையோ, மொட்டை மாடியில் பச்சை பூத்த ஒரு கனெக்டரோ காரணமாக இருக்கும்போது அதே வார்த்தையைச் சொல்வது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமின்றி இருந்துவிட்டு மீண்டும் கடலுக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு குடும்பத்தின் பணத்தை வீணாக்குவதாகும். அதிலும் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாள்களில் செய்தி பார்க்க முடியாமல் போவது, பொழுதுபோக்கு மட்டும் சார்ந்த இழப்பன்று.

முன்பு எங்கள் ஊர்களில் படத்தைப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவார்கள். 1982இல் இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, கிழக்கு நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி அதைப் பார்த்த வீடுகள் இந்தக் கரையில் ஏராளம். பின்னர் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. அந்தக் காலத்து அலைவரிசையில் சமிக்ஞை குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். அலை எதிரொலித்து வந்தால் ஓர் உருவத்துக்குப் பக்கத்தில் இன்னோர் உருவம் நிழலாகத் தெரியும். ஒருவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து குரல் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பில் அப்படிப் படிப்படியான அறிகுறி இல்லை. சமிக்ஞை ஓர் எல்லைவரை குறைந்தாலும் படம் தெளிவாகவே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, ஒரேயடியாக நின்றுவிடும். நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று திடீரென்று நின்றுவிட்டதே என்று மக்கள் பெட்டியையே சந்தேகப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகையால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குறை பெட்டிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருந்து வருகிறதா என்பதுதான். இதற்குத் தொலைக்காட்சியின் சொந்த ரிமோட்டில் உள்ள மெனு பொத்தானை அழுத்தினால் போதும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் வரும் மெனு இதற்கு உதவாது, ஏனெனில் அது வெளியிலிருந்து வரும் படத்தோடு சேர்ந்தே வருவது. தொலைக்காட்சியின் மெனுவோ பெட்டிக்குள்ளேயே உருவாகிறது. அந்த மெனு எழுத்துகள் தெளிவாகவும் பின்னால் ஓடும் படம் மட்டும் உடைந்தும் தெரிந்தால், பெட்டி நலமாக இருக்கிறது. குறை செட்டாப் பாக்ஸிலோ வயரிலோ டிஷ்ஷிலோ கேபிள் இணைப்பிலோ இருக்கிறது. மெனுவின் மீதும் அதே கோடு, அதே கறை, அதே நிறக்கோளாறு விழுந்தால் குறை பெட்டிக்குள் இருக்கிறது. பல வீடுகளில் தொலைக்காட்சி ரிமோட் பாட்டரி தீர்ந்து அலமாரியின் மேல் கிடக்கும். அப்படியிருந்தால் பெட்டியின் அடியிலோ பக்கவாட்டிலோ பின்புறத்திலோ உள்ள பொத்தானையும் பயன்படுத்தலாம். ஸ்மார்ட் டிவியாக இருந்தால் அதன் முகப்புத் திரையைப் பார்ப்பதும் இதே சோதனைதான். பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வருமுன் இந்த ஒன்றைச் செய்து வைத்தாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குறை வெளியில் என்று தெரிந்தால், எச்.டி.எம்.ஐ. வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகுவதும், பக்கத்து வீட்டு வயரையோ செட்டாப் பாக்ஸையோ சற்று நேரம் வாங்கி மாட்டிப் பார்ப்பதும் செலவில்லாத வழிகள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், மஞ்சள் வயர் தவறான துளையில் இருக்கிறதா, அல்லது வீடியோ வகை மாறித் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையும் காலும் வெட்டுப்பட்டோ, மனிதர்கள் குட்டையாகத் தடித்தோ தெரிந்தால் அது ரிமோட்டின் ஜூம் அல்லது படவிகித அமைப்பு மாறியதால் வருவது. அதற்காக யாரையும் அழைத்துப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்ற புகாரே எங்களிடம் வருவதில் முக்கியமானது. எல்.இ.டி. டிவி என்று நாம் வாங்குவது பெரும்பாலும் எல்.சி.டி. திரையைக் கொண்டதே. அந்தத் திரை தானாக ஒளிர்வதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. பட்டைகள் ஒளி கொடுத்தால்தான் படம் நம் கண்ணுக்குத் தெரியும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, கைபேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் மங்கலாக உருவங்கள் அசைந்தால் திரை வேலை செய்கிறது, விளக்குதான் அணைந்திருக்கிறது என்று பொருள். திருவிழாப் பந்தலில் ஒரு பல்பு போனதும் சரம் முழுவதும் அணைந்துவிடும் சீரியல் விளக்கைப் போலவே இந்தப் பட்டைகளும் தொடராக இணைக்கப்பட்டவை, ஓர் எல்.இ.டி. இறந்தாலும் முழுத் திரையும் இருண்டுவிடலாம். பெட்டியைப் போட்டதும் ஒரு நொடி படம் மின்னி மறைந்து, பிறகு சத்தம் மட்டும் தொடர்ந்தால் அதுவும் பெரும்பாலும் இதே குறையின் அடையாளம். இதற்குப் பட்டைகளை மாற்றினால் போதும். பேனலை மாற்ற வேண்டாம். மாற்றும்போது இறந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றும்படி கேளுங்கள், ஏனெனில் மற்றவையும் அதே வயதுடையவை. தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. வகைப் பெட்டிகளுக்கு மட்டும் இந்த டார்ச் சோதனை பொருந்தாது.

இதே விளக்குப் பட்டையால் வரும் வேறு இரண்டு குறைகளையும் பேனல் கோளாறு என்று சொல்லிவிடுகிறார்கள். திரையில் ஆங்காங்கே வட்ட வட்டமாக வெள்ளை ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், எல்.இ.டி.யின் மேல் ஒட்டப்பட்ட சிறு லென்ஸ் பசை விட்டு விழுந்திருக்கிறது. படம் முழுவதும் நீலமாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால், எல்.இ.டி.யின் மேலுள்ள ஒளிரும் பூச்சு வெப்பத்தால் கெட்டிருக்கக்கூடும். பெட்டி வாங்கிய நாளிலிருந்தே படத்தை ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ முறையில், பேக்லைட் எனப்படும் பின்விளக்கை உச்சத்தில் வைத்து ஓட்டுவது இந்த இரண்டையும் விரைவுபடுத்துகிறது. கடையின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்பு அது. வீட்டில் அதை ‘ஸ்டாண்டர்டு’ முறைக்கு மாற்றி, பேக்லைட்டைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொண்டால் விளக்குகள் நெடுநாள் உழைக்கும்; கண்ணுக்கும் இதம்.

கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே நிறத்தில் மெல்லிய கோடு நிலையாக நின்றால், திரைக் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டப்பட்ட மெல்லிய படல இணைப்பு விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை மீண்டும் ஒட்டத் தனி இயந்திரம் தேவை. பெரிய நகரங்களில்தான் அந்த வசதி உண்டு. ஆனால் திரையில் பாதி மட்டும் இருண்டோ, படம் இரட்டையாகவோ, முழுத்திரையும் வெளுத்தோ, நிறங்கள் தலைகீழாகவோ தெரிந்தால், பேனலுக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி-கான் போர்டையும் அதற்குப் போகும் ரிப்பன் வயரையும் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. ரிப்பன் முனையில் படிந்த உப்பைத் துடைத்து மீண்டும் ஒழுங்காகச் செருகியதும் படம் திரும்பி வந்த பெட்டிகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். திரையில் சிலந்தி வலை போல விரிசலும் மை கொட்டியது போன்ற கறையும் இருந்தால் மட்டும் நம்பிக்கை வைக்க வேண்டாம். அது உடைந்த கண்ணாடி. இன்னொன்று: பழைய பெரிய பெட்டிகளைத் தட்டினால் படம் வந்தது உண்டு. அந்தப் பழக்கத்தில் இன்றைய மெல்லிய திரையின் விளிம்பைத் தட்டுவதும் அழுத்துவதும், தப்பிப் பிழைத்திருக்கும் படல இணைப்புகளையும் விட்டுப்போகச் செய்யும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய காரணம் உப்பு. வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்க, ஆண்டில் ஒரு பாதி கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றும் மறுபாதி வாடையும் வீடுகளுக்குள் உப்புத் துகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சன்னல் கம்பியையும் குளிர்பதனப் பெட்டியின் அடித்தகட்டையும் அரிக்கும் அதே உப்பு, தொலைக்காட்சியின் பின்புறக் காற்றுத் துளைகள் வழியே உள்ளே போகிறது. உலர்ந்த உப்பு பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். போர்டின் மேல் மின்சாரம் கசியும் ஒரு மெல்லிய படலமாக அது மாறுகிறது. மழைக்கால இரவுகளிலும் விடியற்காலைகளிலும் எங்கள் ஊர்களில் ஈரப்பதம் அந்த அளவை எளிதாகத் தாண்டும். காலையில் போட்டதும் கோடுகள் விழுந்து, சற்று நேரம் ஓடிச் சூடேறியதும் மறைந்துவிடுகிற பெட்டி இப்படிப்பட்ட ஈரத்தால் பாதிக்கப்பட்டதாக இருக்கலாம். அந்த நிலையிலேயே போர்டைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்துவிட்டால் காப்பாற்றிவிடலாம். தானாகச் சரியாகிவிடுகிறதே என்று விட்டுவைத்தால் தாமிரத் தடங்கள் பச்சை பூத்து அறுந்துவிடும்.

உப்புக்குப் பயந்து செய்யும் சில காரியங்களே திரையைக் கெடுப்பதும் உண்டு. திரையில் படிந்த பிசுபிசுப்பைப் போக்க ஈரத்துணியால் அழுந்தத் துடைப்பதும், கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் தெளிப்பதும் மிகவும் ஆபத்தானவை. வழிந்த நீர் திரையின் அடிவிளிம்பில் இறங்குகிறது. பல பெட்டிகளில் அந்த விளிம்புக்கு உள்ளேதான் கோடுகளுக்குக் காரணமான நுண்சுற்றுகள் இருக்கின்றன. துடைத்த மறுநாளே கோடு விழுந்தது என்று வருபவர்களிடம் காரணத்தைச் சொல்லும்போது மனம் வருந்துகிறது. பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திரை ஆறிய பிறகு மென்மையான உலர்ந்த துணியால் துடைப்பதே போதும். உப்பு விடாமல் ஒட்டியிருந்தால், நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் மெல்ல ஒற்றியெடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ரெக்சின் உறையால் மூடி வைப்பதும் நல்லதன்று, அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்; பெட்டி ஆறிய பிறகு பருத்தித் துணி போர்த்தலாம். கடலைப் பார்த்த சன்னலுக்கு நேர் எதிரிலும், மழையில் நனையும் வெளிச்சுவரின் உட்பக்கத்திலும் பெட்டியை மாட்டாமல் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் நாள்தோறும் சிறிது நேரமாவது ஓடவிட்டால் உள்ளே உலர்ந்திருக்கும். ஆனால் கூரை ஒழுகி உள்ளே நீர் இறங்கிய பெட்டியை, பார்க்கலாம் என்று ஒருமுறை கூடப் போட்டுவிடக் கூடாது.

மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்கு வருவோம். மழை வலுக்கும்போது படம் உடைந்து நின்று, மழை விட்டதும் திரும்புவது பழுதன்று, டிஷ் வழி நேராக வீட்டுக்கு வரும் டி.டி.எச். சேவை பயன்படுத்தும் கே.யு. என்ற அலைவரிசையை மழைநீர் உறிஞ்சிக்கொள்வதால் நேர்வது. மார்ச் மாதத்திலும் செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாள்கள் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் மறைந்தால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கிறது என்று பொருள். வானம் தெளிந்த நாளிலும் படம் உடைந்தால்தான் டிஷ்ஷைப் பார்க்க வேண்டும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சமிக்ஞையை வாங்கும் எல்.என்.பி.யில் திருகும் கனெக்டருக்குள் நீர் புகுந்து நடுக்கம்பி பச்சையாகியிருந்தால், கெட்ட நுனியை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போட்டு, நீர் புகாத டேப் சுற்ற வேண்டும். வயர் கனெக்டருக்குள் நுழையுமுன் சற்றே கீழ்நோக்கி வளைந்து தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கச்சான் காலத்துக் காற்றில் துருப்பிடித்த போல்ட் நெகிழ்ந்து டிஷ் சிறிது திரும்பினாலும் சமிக்ஞை போய்விடும். செட்டாப் பாக்ஸில் சமிக்ஞையின் வலுவும் தரமும் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. நன்றாக ஓடும் நாளில் அந்த எண்களைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேபிள் இணைப்பு உள்ளவர்கள் முதலில் பக்கத்து வீட்டில் படம் வருகிறதா என்று கேட்பது நல்லது. புயல் மழையின் உச்சத்தில் டிஷ் வழி வரும் படம் நின்றுவிடும் என்பதால், எச்சரிக்கைச் செய்திக்கு பாட்டரியில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி கடலோர வீடு ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உப்பில் அரித்த நியூட்ரல் கம்பி கம்பத்தில் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை வந்துவிடக்கூடும். சில விளக்குகள் திடீரென்று மிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். இடி மின்னலின்போது மின் பிளக்கை மட்டுமின்றி டிஷ் அல்லது கேபிள் வயரையும் கழற்றி வைக்க வேண்டும். மின்னலின் வீச்சு அந்த வழியாகவும் உள்ளே வரும். எந்த நிலையிலும் பின்மூடியை வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

இனி என் தொழில் செய்யும் நண்பர்களிடமும் நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். பேனல் போய்விட்டது என்று சொல்வதற்கு முன், மெனு சோதனையையும் டார்ச் சோதனையையும் வீட்டுக்காரர் கண்ணெதிரே செய்து காட்டுங்கள். கண்ட குறையைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே கொடுங்கள். அண்மையில் ஒரு நிறுவனத்தின் சேவையாளர் பேனல் போனதாகச் சொல்லிவிட்டுப் போன பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். டார்ச் அடித்ததும் செய்தி வாசிப்பவரின் முகம் தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் புதிய பெட்டிக்காகத் தவணைக்கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட இருந்தார். இப்படி நடப்பதை எண்ணும்போது வருத்தமும் கோபமும் ஒருசேர வருகின்றன.

நிறுவனங்கள் கடலோர மாவட்டங்களுக்கு அனுப்பும் பெட்டிகளின் போர்டுகளில் ஈரத்தைத் தடுக்கும் பூச்சுப் பூசுவதும், விளக்குப் பட்டைகளையும் டி-கான் போர்டுகளையும் இராமநாதபுரத்திலேயே இருப்பு வைப்பதும் இயலாத காரியங்கள் அல்ல. உத்தரவாதக் காலத்தில் துருவைக் காரணம் காட்டிப் பழுதுபார்க்க மறுத்தால், வாசகர்கள் அந்த மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும், ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

தீபாவளியை ஒட்டி, பழைய பெட்டியைக் கொடுத்துப் புதியது வாங்கும் சலுகைகள் கடைகளில் தொடங்கிவிடும் என்பதால், இக்கடிதத்தை அதற்கு முன்பே மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டு உதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.